மெழுகு தடுக்கும், அச்சு பதிக்கும்: ஏலமலை அடிவாரத்தில் வீட்டுக் கைவினை

துணியிலோ காகிதத்திலோ ஓர் உருவத்தைக் கையால் உண்டாக்க அடிப்படையில் இரண்டு வழிகள் உள்ளன. நிறம் வேண்டிய இடத்தில் நிறத்தை வைப்பது ஒன்று, நிறம் வேண்டாத இடத்தை முன்கூட்டியே அடைத்துவிட்டு மற்ற இடமெல்லாம் நிறம் ஏறும்படி விடுவது மற்றொன்று. முதல் வழியைச் சேர்ந்தது அச்சு, இரண்டாவது வழியைச் சேர்ந்தது மெழுகு. இவ்விரண்டையும் வீட்டிலேயே செய்து பார்க்க விரும்புவோர் பலர் நகரத்துக் கடைகளில் விற்கும் ஆயத்தப் பெட்டிகளை வாங்கித் தொடங்குகிறார்கள். ஆனால் போடி எனச் சுருக்கமாக வழங்கும் போடிநாயக்கனூரிலிருந்து பொட்டிபுரம் வரையிலான அடிவார ஊர்களையும் அவற்றுக்கு மேலே எழும் ஏலமலைச் சரிவையும் எடுத்துக்கொண்டால், இக்கலைகளுக்கு வேண்டிய முக்கியமான பொருள்களில் பல பெட்டிக்குள் அடைபடாமல் அங்கேயே கிடக்கின்றன. அவற்றுள் முதன்மையானது தேன்மெழுகு.

ஏலச்செடியின் பூக்கள் தரையோடு படர்ந்த கொத்துகளில் காலையில் மலர்ந்து ஒரே நாளில் வாடிவிடுபவை. அவற்றின் மகரந்தம் ஒட்டும் தன்மையுடையதாகையால் காற்று அதைக் கொண்டு செல்வதில்லை. பூச்சிகள்தான் பூவுக்குப் பூ எடுத்துச் செல்ல வேண்டும். அந்த வேலையில் பெரும்பங்கு, பாறை விளிம்புகளிலும் உயர்ந்த மரக்கிளைகளிலும் ஒரே பெரிய அடையைத் தொங்கவிடும் மலைத்தேனீக்கும், பொந்துகளிலும் பாறை இடுக்குகளிலும் பல அடைகளை வரிசையாகக் கட்டும் அடுக்குத் தேனீக்கும் உரியது. வேலைக்காரத் தேனீ பிறந்து ஏறத்தாழ இரண்டு வாரமாகும் பருவத்தில், அதன் வயிற்றின் அடிப்புறத்திலுள்ள நான்கு இணைச் சுரப்பிகளிலிருந்து மெழுகு மெல்லிய செதில்களாக வெளிப்படுகிறது. அதைக் காலால் எடுத்து வாயில் மென்று பதப்படுத்தியே அது அடை கட்டுகிறது. 1 கிலோ மெழுகைச் சுரக்கத் தேனீக்கள் 6 முதல் 8 கிலோ வரை தேனை உண்ண வேண்டியிருக்கும் என்பது தேனீ வளர்ப்பு நூல்களில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. போடியின் ஏலக் கூடத்தில் விலைபோகும் ஏலக்காய்க்கும், துணியில் ஓவியம் எழுதுபவர் உருக்கும் மெழுகுக்கும் பின்னால் உழைத்தவை ஒரே பூச்சிகள்தாம் என்பது இந்த மலைச்சரிவுக்கே உரிய ஒரு பொருத்தம்.

தேன் பிழிந்தெடுத்த அடையிலிருந்து மெழுகைப் பிரிப்பது வீட்டிலேயே ஆகக்கூடிய எளிய வேலை. அடையைத் துண்டுகளாக்கிப் பழைய பருத்தித் துணியில் மூட்டையாகக் கட்டி, ஒரு கல்லை உள்ளே வைத்து நீரில் அமிழ்த்தி மெல்லக் காய்ச்சினால், மெழுகு உருகித் துணியின் வழியே கசிந்து நீரின் மேல் மிதக்கும். புழுக்கூடும் தூசியும் மூட்டைக்குள்ளேயே தங்கிவிடும். பாத்திரத்தை அசைக்காமல் இரவு முழுவதும் ஆறவிட்டால் காலையில் மஞ்சள் நிறத்தில் வட்டமான கட்டியொன்று கையோடு வரும். அதன் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் கறுத்த படலத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு மறுபடி ஒருமுறை உருக்கி வடித்தால் போதும். கடையில் வாங்கும் மெழுகில் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் பாரஃபின் கலந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் சில அடையாளங்களை அறிந்திருப்பது நல்லது. தேன்மெழுகு உடைத்தால் பொடிமணலைப் போன்ற சொரசொரப்பான முகம் காட்டும், விரல் சூட்டில் பிசைந்தால் பிசுபிசுப்போடு இளகும், உருகும்போது தேன் மணக்கும். பாரஃபின் வழுவழுப்பாகவும் வெண்மையாகவும் இருந்து வளைத்தால் மொறுமொறுவென முறியும். தேன்மெழுகு 62 முதல் 65 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகுகிறது. பாரஃபினுக்கு அதன் தரத்தைப் பொறுத்து இது பெரிதும் மாறுபடும்.

மெழுகால் நிறத்தைத் தடுக்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. சோழமண்டலக் கடற்கரையிலிருந்து ஐரோப்பாவுக்கும் கிழக்காசியாவுக்கும் சென்ற ஓவியத் துணிகளில் இது இன்றியமையாத ஒரு படியாக இருந்தது. அந்தத் தொழில்நுட்பத்தை அறிந்து எழுதியவர்களுள் இரு பிரெஞ்சுக்காரர்கள் முக்கியமானவர்கள். 1734ஆம் ஆண்டையொட்டிப் புதுச்சேரிக்கு வந்த பொல்யே என்னும் கடற்படை அதிகாரி, வேலையின் ஒவ்வொரு நிலையிலும் ஒரு துண்டுத் துணியை வெட்டிச் சேர்த்துக் குறிப்பெழுதினார். கேர்து என்னும் இயேசு சபைத் துறவி 1742இல் எழுதிய கடிதத்தில், கடுக்காய்ச் சாற்றையும் எருமைப் பாலையும் கலந்து துணியைப் பதப்படுத்துவது முதல் கடைசிச் சலவை வரை எல்லாவற்றையும் விளக்கினார். மெழுகெழுதும் கருவி இரும்பு முனையும் அதற்கு மேலே முடியைச் சுற்றிச் செய்த உருண்டையும் கொண்டது. உருண்டை உருகிய மெழுகைத் தேக்கி வைத்துக்கொள்ள, பிடித்தழுத்தும் விரலுக்கேற்ப மெழுகு முனை வழியே இறங்கும். மெழுகிட்ட துணியை வெயிலில் விரித்துவைத்து, மேற்புறத்து மெழுகு லேசாக இளகித் துணியின் மறுபுறம் வரை ஊடுருவும்படி செய்வார்கள் என்ற குறிப்பு, இன்று வீட்டில் முயல்வோருக்கும் பயன்படக்கூடியது.

அத்துணிகளில் சிவப்புக்கும் கறுப்புக்கும் மெழுகு பெரிதும் தேவைப்படவில்லை, முக்கியமாக நீலத்துக்கே தேவைப்பட்டது என்பதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் இக்கலையின் முக்கால் பங்கு விளங்கிவிடும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரக் கரைசலைத் தீட்டிவிட்டுத் துணி முழுவதையும் சாயவேர் நீரில் கொதிக்கவைத்தால், படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் நிறம் நிலைத்து மற்ற இடங்களில் சலவையில் போய்விடும். கறுப்புக்கு, வெல்லமும் துருப்பிடித்த இரும்பும் ஊறிய நீர் கடுக்காயின் துவர்ப்போடு சேர்ந்து நிறம் தரும். அவுரியின் நீலம் இவ்வாறு இடம் பார்த்து நிற்பதில்லை. சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்த தொட்டியில் துணியை முக்கும்போது, அது மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டவுடன் கண்ணெதிரிலேயே நீலமாக மாறும். நீர் தொட்ட இடமெல்லாம் நீலமாகும். ஆகவே நீலம் கூடாத இடங்களையெல்லாம் மெழுகால் மூட வேண்டியிருந்தது. அந்தத் தொட்டி சூடேற்றாத தொட்டியாக இருந்ததால்தான் மெழுகு கரையாமல் நின்றது என்பதும் இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. தஞ்சை மராத்திய அரச குடும்பத்துக்கென நெய்து எழுதப்பட்ட கோடாலிக்கருப்பூர்ச் சேலைகளிலும் சரிகை நெசவோடு மெழுகுத் தடுப்பும் கையால் எழுதிய ஓவியமும் ஒன்றாக இணைந்திருந்தன.

போடிக்கு மிக அருகில் இன்றும் நடப்பது மதுரைச் சுங்குடி. சௌராட்டிர மக்களின் கைத்திறனான அது, துணியை நகத்தால் கிள்ளி நூலால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கிப் புள்ளிகளைப் பெறும் முறையில் வளர்ந்தது. 2005இல் புவிசார் குறியீடும் பெற்றது. முடிச்சிடும் உழைப்புக்கு ஏற்ற கூலி கிடைக்காத நிலையில், உருகிய மெழுகில் அச்சுக்கட்டையைத் தோய்த்துத் துணியில் ஒற்றிப் பின் சாயமிடும் முறை பெருமளவில் இடம்பிடித்துவிட்டது. முடிச்சிட்ட புள்ளியின் நடுவே தெரியும் சிறு நிறப்பொட்டு மெழுகுச் சுங்குடியில் இருக்காது என்பதால் இரண்டையும் பிரித்தறிவது எளிது. மரபு மாறிவிட்டதென வருந்துவோர் உண்டெனினும், அச்சும் மெழுகும் ஒரே கட்டையில் சந்திக்கும் இந்த முறைதான் வீட்டுப் பரிசோதனைக்கு மிக நெருங்கிய உறவினர் என்பதை மறுக்க இயலாது.

மெழுகோவியத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் பாத்திக் என்னும் பெயர் ஜாவாத் தீவுக்குரியது. அங்கே சந்திங் எனப்படும் சிறு செப்புக் கிண்ணமும் மூக்கும் மரப்பிடியும் கொண்ட எழுதுகோலால் மெழுகுக் கோடிடுவார்கள். சாப் எனப்படும் செப்புத் தகட்டு அச்சால் ஒற்றும் முறை 19ஆம் நூற்றாண்டில் பரவியது. 1927இல் ரவீந்திரநாத் தாகூர் ஜாவாவுக்குச் சென்றபோது உடன் சென்ற ஓவியர் சுரேந்திரநாத் கர் முதலானோர் அக்கலையைக் கவனித்து வந்தனர். சாந்திநிகேதனில் பாத்திக் வேரூன்றியதில் அப்பயணத்துக்குப் பங்குண்டு. இலங்கையில் 1960களில் ஈனா டி சில்வா தம் வீட்டிலேயே தொடங்கிய முயற்சி, கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா வடிவமைத்த பெந்தோட்டை விடுதியின் கூரையை அலங்கரிக்கும் அளவுக்கு வளர்ந்தது.

தமிழகத்தில் இதற்கு இணையான நிகழ்வு சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் நடந்தது. சென்னை அரசு கலை, கைவினைப் பள்ளியின் முதல்வராக இருந்த கே.சி.எஸ். பணிக்கர், பள்ளியை விட்டு வெளியேறும் மாணவர்கள் ஓவியத்தை மட்டும் நம்பி வாழ முடியாமல் வேறு வேலை தேடிக் கலையைக் கைவிடுவதைக் கண்டு, கைவினையால் வயிற்றைப் பார்த்துக்கொண்டு ஓவியத்தைச் சுதந்திரமாகச் செய்யலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். ஓவியர்களும் சிற்பிகளும் கூடிக் கைவினைஞர் சங்கமொன்றை அமைத்துப் பாத்திக் துணிகளையும் தோல் வேலைப்பாடுகளையும் செய்து விற்றார்கள். அந்த வருவாய் கைகொடுக்க, 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் உருவாயிற்று. இந்திய நவீன ஓவிய வரலாற்றில் தனியிடம் பெற்ற ஒரு கிராமத்தின் நிலத்துக்கும் கூரைக்கும் பணம் தந்தவற்றுள் உருகிய மெழுகும் ஒன்று என்பது பெரும்பாலும் நினைவுகூரப்படாத செய்தி. அவர்கள் பரம்பரைச் சாயத் தொழிலாளர் அல்லர் என்பதையும், ஓவியம் தெரிந்த கை மெழுகைப் பழகிக்கொண்டது என்பதையும் வீட்டில் தொடங்குவோர் தெம்பூட்டும் செய்தியாக எடுத்துக்கொள்ளலாம்.

இனிச் செய்முறைக்கு வந்தால், துணியிலிருந்துதான் தொடங்க வேண்டும். நூறு விழுக்காடு பருத்தியாக, மெல்லிய நெசவாக இருப்பது தேவை. தேனி மாவட்டத்திலேயே ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பகுதிகளில் நெய்யப்படும் பருத்தித் துணி இதற்குப் பொருந்தும். நெசவின்போது ஏற்றிய கஞ்சி துணியில் இருந்தால் மெழுகும் ஊடுருவாது, சாயமும் ஏறாது. ஆகையால் சலவைச் சோடா கலந்த நீரில் கொதிக்கவைத்து அலசி உலர்த்துவதைத் தவிர்க்கவே கூடாது. பின்னர் துணியை மரச்சட்டத்தில் இழுத்துக் குத்தி, கீழே எதுவும் படாதவாறு வைத்து எழுத வேண்டும். மேசைமேல் விரித்து எழுதினால் மெழுகு அடியில் ஒட்டிக்கொண்டு துணியைப் பெயர்க்கும்போது பிளந்துவிடும்.

இக்கலையில் கற்க வேண்டியது கோடு என்பதைவிடச் சூடு என்பதே சரி. மெழுகு போதிய சூட்டில் துணியைத் தொட்டால் தொட்ட இடம் எண்ணெய் பட்ட காகிதம் போல ஒளி ஊடுருவும்படி ஆகிவிடும். சூடு குறைந்தால் மெழுகு வெண்மையாக, மேலேயே படிந்து நிற்கும். வெண்மையாக நின்ற கோட்டின் அடியில் சாயம் புகுந்து அந்தக் கோட்டையே இல்லாமல் செய்துவிடும். சூடு மிகுந்தால் மெழுகு கோட்டைத் தாண்டிப் பரவும். புகையத் தொடங்கினால் ஆபத்தின் எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். துணியைத் திருப்பிப் பார்த்து, பின்புறமும் மெழுகு பளபளக்கிறதா என்று சோதித்து, இல்லாத இடங்களில் பின்புறத்திலிருந்தும் மெழுகிடுவதே பழகியவர்கள் செய்வது. வீட்டில் மெழுகுப் பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைக்காமல், கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு சிறு பாத்திரத்தை வைத்து உருக்க வேண்டும். அப்போது மெழுகின் சூடு 100 டிகிரியைத் தாண்ட வழியில்லை, மெல்லிய துணிக்கு அந்தச் சூடு போதும். தேன்மெழுகின் ஆவி தீப்பிடிக்கும் நிலை 200 டிகிரிக்குச் சற்று மேலே இருப்பதால், நேரடித் தீயில் மறந்துபோய் விட்டால் எரியத் தொடங்கும். எரியும் மெழுகின் மேல் தண்ணீர் ஊற்றினால் நீர் நொடியில் ஆவியாகித் தீயை நாற்புறமும் தெறிக்கவிடும். மூடியால் மூடி அடுப்பை அணைப்பது ஒன்றே வழி.

இடத்தின் தட்பவெப்பமும் இதில் குறுக்கிடும். போடிச் சமவெளியில் சித்திரை வெயிலின்போது மெழுகிட்ட துணியை நெடுநேரம் வெளியில் வைத்தால் கோடுகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டும். அங்கிருந்து மலைச்சாலையில் ஆயிரம் மீட்டருக்கும் மேலேறிப் போடிமெட்டுக்குச் சென்றால், மார்கழிக் குளிரில் தூரிகை பாத்திரத்திலிருந்து துணிக்கு வருவதற்குள் மெழுகு உறைந்துவிடும். ஆகவே புத்தகங்களில் கொடுக்கப்படும் கலவை விகிதங்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. வெயில் காலத்துக்குத் தேன்மெழுகில் சிறிது குங்கிலியம் சேர்த்தால் பிடிப்புக் கூடும்; குளிர் காலத்துக்குத் தனித் தேன்மெழுகே வளைந்துகொடுக்கும். பாரஃபினைப் பாதிக்குப் பாதி கலந்தால் மெழுகு எளிதில் வெடித்து, வெடிப்பின் வழியே சாயம் நுழைந்து சிலந்திவலை போன்ற கோடுகள் தோன்றும். இந்த வெடிப்புக் கோடுகளே பாத்திக்கின் முத்திரை என்று பலரும் கருதி, துணியைக் கசக்கி வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். ஜாவாவின் நுண்ணிய வேலைப்பாடுகளிலோ அது குறையாகவே கொள்ளப்பட்டது. வரைவில் வலுவில்லாத இடத்தை வெடிப்பு மறைக்கிறது என்பதே அதன் பெருவழக்குக்குக் காரணம் என்று சொன்னால் மிகையாகாது.

சாயத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மெழுகு உருகாத குளிர்ச்சாயம் மட்டுமே பொருந்தும் என்ற விதி தானாகவே வந்துவிடுகிறது. பட்டறைகளில் பரவலாகப் பயன்படும் நாப்தால் சாயங்களுக்குக் காஸ்டிக் சோடாவும் கடுமையான உப்புகளும் தேவைப்படுவதால் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு அவை ஏற்றவை அல்ல. 1956இல் ஐ.சி.ஐ. நிறுவனம் புரோசியன் என்ற பெயரில் வெளியிட்ட வகையைச் சேர்ந்த எதிர்வினைச் சாயங்கள், அதாவது பருத்தி இழையோடு வேதி முறையில் பிணைந்துகொள்ளும் சாயங்கள், சாதாரண வெப்பநிலையிலேயே வேலை செய்கின்றன; உப்பும், லிட்டருக்குச் சுமார் 20 கிராம் சலவைச் சோடாவும் சேர்த்தால் போதும். சாயப்பொடியை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதால் கரைக்கும்போது முகக்கவசமும் கையுறையும் அணிய வேண்டும். நிறங்களை வெளிர்நிறத்திலிருந்து அடர்நிறத்துக்கு ஏற்றிச் செல்வது வழக்கம். வெள்ளையாக இருக்க வேண்டியதை மெழுகால் மூடி மஞ்சளில் முக்கி, உலர்ந்தபின் மஞ்சளாகவே நிற்க வேண்டியதை மூடிச் சிவப்பில் முக்கினால் மூடாத மற்ற இடம் செம்மஞ்சளாகும். அதன்மேல் நீலம் ஏறினால் பழுப்பாகும். முதல் நிறம் கடைசி நிறத்துக்குள்ளும் இருக்கும் என்பதால், முடிவை நினைவில் வைத்துத் தொடக்கத்தைத் திட்டமிட வேண்டியிருக்கிறது. ஓவியத்தைப் போல இடையில் மனம் மாற இக்கலையில் இடமில்லை.

மெழுகை நீக்க, துணியைப் பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தால் தாள் பெரும்பகுதியை உறிஞ்சிக்கொள்ளும். எஞ்சியதைச் சோப்புத் தூள் கலந்த கொதிநீரில் இட்டுக் கிளறினால் மெழுகு மேலே மிதந்து வரும். நீரை முழுவதும் ஆறவிட்டு, உறைந்த ஏட்டை எடுத்து வைத்துக்கொண்டால் மறுமுறைக்கு உதவும்.

அச்சின் பக்கம் வந்தால் தமிழ்நாட்டுக் குழந்தைகள் பெரும்பாலும் முதலில் செய்தது வெண்டைக்காய் அச்சாகத்தான் இருக்கும். குறுக்கே வெட்டிய வெண்டைக்காயின் ஐந்து அறைகளும் ஐந்திதழ்ப் பூவாகப் பதியும். வாழைமட்டையின் குறுக்குவெட்டு, வலைக்கண்களைப் போல அடுக்கிய காற்றறைகளை அப்படியே காட்டும். மலைச்சாலையோரப் பாறைகளில் வளரும் வெள்ளிப் பெரணியின் இலையடியில் வெண்பொடி படிந்திருப்பதால், இலையைப் புறங்கையில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் இலையின் ஒவ்வொரு பிரிவும் வெள்ளைக் கோலமாகப் பதிந்துவிடும்; மையும் கட்டையும் இல்லாமல் இயற்கை தரும் அச்சு இது. வெண்டைக்காயில் செய்வதுபோல மேட்டுப்பகுதியில் மை பூசி ஒற்றும் முறைக்கு மேட்டச்சு என்று பெயர். இதன் முதிர்ந்த வடிவமே மரக்கட்டை அச்சும், லினோலியத் தகட்டில் செதுக்கும் லினோ அச்சும்.

வீட்டுப் பரிசோதனைக்கு லினோத் தகடு கிடைக்காதபோது, லாரி டயரின் பழைய உள்குழாயை வெட்டி மரக்கட்டையில் பசையால் ஒட்டினால் நல்ல அச்சாகிறது. ரப்பர் வளைந்துகொடுப்பதால் மேடுபள்ளமான கைக்காகிதத்திலும் முழுமையாகப் பதியும். உருவம் இடம்வலமாகத் திரும்பிப் பதியும் என்பதை மறந்து எழுத்துகளை நேராகச் செதுக்கிவிடுவது தொடக்கநிலையினர் அனைவரும் செய்வது. மெல்லிய தாளில் எழுதி அதைக் கவிழ்த்துப் பார்த்துச் செதுக்கினால் அந்தத் தொல்லை இல்லை. மை பூசுவதற்கு உருளை வாங்கலாம், வாங்காவிட்டாலும் துணிப்பொதி போதும். போடியில் எளிதில் கிடைக்கும் இலவம்பஞ்சு இதற்கு மிகப் பொருத்தம். அதன் இழை மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் இருப்பதால் மையை உறிஞ்சிக்கொள்ளாமல் துள்ளலோடு இருக்கும், அதனால் மை துணியின் மேற்புறத்திலேயே தங்கும். அழுத்தும் இயந்திரத்துக்குப் பதிலாகக் குழிக்கரண்டியின் முதுகால் காகிதத்தின் பின்புறம் தேய்த்தால் சீரான பதிவு கிடைக்கும். சென்னை கிரீம்ஸ் சாலையிலுள்ள லலித் கலா அகாதமியின் அச்சுக்கூடத்தைப் போன்ற இடங்களில் பெரிய இயந்திரங்கள் உண்டென்றாலும், மேட்டச்சுக்கு அவை கட்டாயமல்ல.

கோயில் கல்வெட்டுகளைப் படியெடுக்கும் முறை இவ்விடத்தில் குறிப்பிடத்தக்கது, ஏனெனில் அதுவும் ஒரு கையச்சுதான், ஆனால் தலைகீழாக இயங்குவது. கல்லை நன்றாகக் கழுவி, நனைத்த காகிதத்தை அதன்மேல் ஒட்டி, தூரிகையால் தட்டித் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் காகிதத்தை இறக்கி, ஓரளவு உலர்ந்தபின் மை தோய்ந்த பொதியால் ஒற்றுவார்கள். பள்ளத்துக்குள் இறங்கிய இடம் மை படாமல் வெள்ளையாக நிற்க, எழுத்து கறுப்புப் பின்னணியில் வெண்மையாகவும் இடம்வலம் மாறாமலும் தெரியும். கல்லில் மை படுவதே இல்லை. இதையே வீட்டில் மெழுகுக்குச்சியைக் கொண்டு செய்யலாம்; பழைய மரக்கதவின் செதுக்கல் மீதோ ஏல இலையின் நரம்பின் மீதோ மெல்லிய தாளை வைத்துத் தேன்மெழுகுத் துண்டால் தேய்த்துவிட்டு, தாள் முழுவதும் நீர்த்த மையைப் பூசினால், மெழுகு பட்ட மேடுகள் மையை விலக்கி வெள்ளையாக நிற்கும். அச்சும் மெழுகுத் தடுப்பும் ஒரே தாளில் சேரும் இந்த முயற்சிக்குச் செலவும் குறைவு, தீயும் தேவையில்லை. பள்ளிகளில் இதிலிருந்தே தொடங்குவது அறிவுடைமை.

மெழுகையே நிறமாகப் பயன்படுத்தும் முறையும் உண்டு. எகிப்தின் ஃபையூம் பகுதியில் பொது ஆண்டு 1 முதல் 3ஆம் நூற்றாண்டு வரை, இறந்தவர்களின் முகங்களைத் தேன்மெழுகில் நிறப்பொடி கலந்து பலகைகளில் தீட்டினார்கள். அவற்றின் கண்களிலும் தோலிலும் நிறம் இன்றும் புதிதாகவே இருக்கிறது. இதன் வீட்டு வடிவம் சூடான தகட்டு அச்சு. இனிச் சமையலுக்குப் பயன்படுத்தாத பழைய தோசைக்கல்லை மெல்லிய தீயில் சூடாக்கி, அதன்மேல் அலுமினியத் தகட்டை வைத்து, நிறமெழுகால் தகட்டில் வரைந்தால் கோடு உருகிப் பளபளக்கும். அப்போது காகிதத்தை மேலே பரப்பி உள்ளங்கையில் பிடித்த துணியால் ஒற்றி எடுத்தால் ஒரே ஒரு பிரதி கிடைக்கும், இரண்டாவது எடுத்தால் அது மங்கலான நிழலாகவே வரும். அறையின் சன்னல்கள் திறந்திருக்க வேண்டும். மெழுகுக்குச்சிகளைப் பலகையின் விளிம்பில் வரிசையாக ஒட்டி, முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி நிறங்களை வழியவிடும் விளையாட்டு இப்போது பெரிதும் பரவியிருக்கிறது. பார்க்க அழகாக இருந்தாலும் அதில் மெழுகுக்கு வேலையிருக்கிறதே தவிரக் கைக்கு வேலையில்லை, ஒருமுறை செய்ததற்கு மேல் கற்றுக்கொள்ளவும் ஒன்றுமில்லை.

எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் கழிவைப் பற்றிய கவனம் வேண்டும். மெழுகு கலந்த சுடுநீரைச் சாக்கடையில் ஊற்றினால் அது குழாய்க்குள் ஆறி உறைந்து அடைத்துக்கொள்ளும். சாயநீரை வாய்க்காலில் விட்டால் அது போடியின் கொட்டகுடி ஆறு வழியாக வைகையைச் சேரும். சாயத்தை அளவாகக் கரைத்து, அதிலேயே வெளிர்நிறத் துணிகளை அடுத்தடுத்து முக்கித் தீர்ப்பது விரயத்தையும் குறைக்கும், நிறங்களையும் பெருக்கும்.

மெழுகை எங்கே வாங்குவது என்பது கடைசியாக எழும் கேள்வி. தேனி மாவட்டத்து மலைகளில் வாழும் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாறைகளில் இறங்கி மலைத்தேன் எடுப்பவர்கள். வன உரிமைகளை அங்கீகரிக்கும் 2006ஆம் ஆண்டுச் சட்டம், சிறு வன விளைபொருள்களைச் சேகரிக்கவும் விற்கவும் காட்டில் வாழும் பழங்குடியினருக்கு உரிமை தரும்போது, தேனோடு மெழுகையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. தேனுக்கு விலை கேட்கும் நகரத்தார் அடையைப் பொருட்படுத்துவதில்லை. மெழுகுக் கலையைத் தொடங்க விரும்புவோர் பாரஃபின் கட்டியைத் தேடிக் கடைக்குச் செல்லுமுன், மலைத்தேன் விற்பவர்களிடம் அடைமெழுகையும் கேட்டு, 1 கிலோ மெழுகுக்குப் பின்னால் எத்தனை கிலோ தேன் இருக்கிறது என்பதை நினைவில் வைத்து, அதற்குரிய விலையைக் கொடுத்து வாங்க வேண்டும்.